முப்பது நாள் துடைப்பம்

தண்டனைகளுக்கு நான் மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். வேறு யாராவது சிரித்துக்கொண்டே சொல்லி நீங்கள் கேள்விப்படுவதற்குள் நானே சொல்லிவிடுவது மரியாதை.

நூற்றுக்கு மார்க். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட தாளில் நான்கு கட்டங்கள். செய்ததற்குத் தக்க பலன், பார்ப்பவர்களுக்குப் பயம், செய்தவர் திருந்துவது, இழந்தவருக்கு ஈடு. கட்டத்துக்கு இருபத்தைந்து. என்னிடம் வரும் ஒவ்வொரு வழக்குக்கும் நான் சிபாரிசு செய்ய நினைக்கும் தண்டனை ஐம்பதைத் தாண்டுகிறதா என்று பார்ப்பேன். தாண்டாவிட்டால் சிவப்பு மையில் ‘பெயில்’ என்று எழுதிவிட்டு வேறு தண்டனை யோசிப்பேன். அரசாங்கம் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. நீதியைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகம் வாங்கிவிட்டு அதைப் பயன்படுத்த இடம் கிடைக்காத ஆள் செய்கிற வேலை இது.

ஒருநாள் ஆட்டுத் திருட்டு வழக்கு ஒன்றின் கோப்பில் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்த எங்கள் அலுவலக உதவியாளர், வெளியே காத்திருந்த அந்த ஆளின் மனைவியிடம் போய், “உன் வூட்டுக்காரருக்குப் பெயில் கெடச்சிடுச்சும்மா, சாரே எழுதிட்டாரு” என்று சொல்லிவிட்டார். நான் எட்டிப் பார்த்தபோது அந்தப் பெண் எதிர்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து முடித்திருந்தாள். உடைத்த தேங்காயை ஒட்டவைக்கச் சட்டத்தில் வழியில்லை. அன்றிலிருந்து ‘தேறவில்லை’ என்று எழுத ஆரம்பித்தேன். கட்டங்களை மட்டும் விடவில்லை.

நன்னடத்தை அலுவலர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு வேலையை நான் விளக்க வேண்டியதில்லை. குற்றம் உறுதியான பிறகு, தண்டனை சொல்வதற்கு முன்னால், நடுவர் நம்மைப் பார்த்து “இவர் எப்படிப்பட்ட ஆள்?” என்று கேட்பார். நாம் அவர் வீட்டுக்குப் போய், தெருவில் விசாரித்து, அறிக்கை எழுதுவோம். அந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதியே இருபத்தாறு வருஷம் சம்பளம் வாங்கினேன். என்னைப் பற்றி இதே கேள்வியை யாரும் என் வீட்டில் வந்து கேட்காதது என் அதிர்ஷ்டம். போன வருஷம் விருப்ப ஓய்வு பெற்றேன். விருப்பம் என்னுடையதா அலுவலகத்துடையதா என்பது இன்னும் விசாரணையில் இருக்கிறது.

ஓய்வுக்குச் சற்று முன்னால் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

புதுச் சட்டம் வந்திருந்த நேரம். முதல் தடவை திருடியவர், திருடியது ஐயாயிரம் ரூபாய்க்குள், பொருளும் திரும்பி வந்துவிட்டது என்றால், அவரைச் சமூக சேவை செய்யச் சொல்லலாம் என்றது அது. கூலி கிடையாது, ஊருக்குப் பயன்பட வேண்டும். படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அலமாரியில் தூங்கியதெல்லாம் தெருவுக்கு வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி வந்த முதல் ஆள் ராஜவேல்.

நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து ஊர்க்காரர், முப்பத்தைந்து வயது, சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. நெய்வேலி டவுன்ஷிப்பில் ஆள் காலிசெய்து பூட்டிக்கிடந்த ஒரு குவார்ட்டர்ஸில் புகுந்து நான்கு பித்தளைக் குழாய்களைக் கழற்றிக்கொண்டு போய், பழைய இரும்புக் கடை வாசலிலேயே பிடிபட்டவர். நீதிமன்றத்தில் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். அறிக்கைக்காக அவர் வீட்டுக்குப் போனேன்.

“எதுக்குப்பா எடுத்தீங்க?”

“எடுக்கணும்னு போவலீங்க சார். பின்பக்கம் பலாமரம் இருக்குது. பழம் பாக்கத்தான் போனேன்.”

“அதுவும் திருட்டுதானே?”

“அணிலு தின்னா கேஸு இல்ல, நான் தின்னா கேஸா சார்?”

“சரி, குழாய்?”

“பழம் பிஞ்சா இருந்திச்சி.”

இதற்கு எந்தக் கட்டத்தில் எத்தனை மார்க் என்று நான் திகைத்துக்கொண்டிருக்கும்போது அவரே தொடர்ந்தார். “ஆளில்லாத வூடு சார். தண்ணி வந்தே வருஷக் கணக்காச்சி. அந்தக் கொழாய எடுத்ததால யாருக்கு என்னா நஷ்டம், நீங்களே சொல்லுங்க. தப்புதான், இல்லேன்னு சொல்லல. ஆனா யாருக்குன்னுதான் கேக்குறேன்.”

என்னிடம் ஆறு புத்தகம் அளவுக்குப் பதில் இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு, ‘தவறை உணர்ந்து வருந்துகிறார்’ என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். கிளம்பும்போது அவர் வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்தினார். “ஜெயிலுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க சார். மைன்ஸுக்குள்ள வுடற கேட் பாஸ் போயிடும். காண்ட்ராக்டர் சொல்லிட்டாரு. பெருக்கச் சொன்னாலும் பெருக்குறேன்.”

பெருக்கச் சொன்னாலும்! வழியை அவரே காட்டிவிட்டார். தினமும் காலையில் நான் நடக்கப் போகும் பூங்கா ஒன்று இருக்கிறது. பெரிய தூங்குமூஞ்சி மரங்கள். இலை எந்நேரமும் கொட்டிக்கிடக்கும். அங்கே முப்பது நாள், காலை ஆறிலிருந்து எட்டு வரை. நாலு பேர் பார்ப்பார்கள், பயம் வரும். ஊருக்கு ஈடு. உடம்பு வளைந்தால் மனசும் வளையும். கட்டம் போட்டேன்: தொண்ணூற்றிரண்டு. என் சர்வீஸில் எந்தத் தண்டனையும் அவ்வளவு வாங்கியதில்லை.

நடுவர் என்னைவிடப் பதினைந்து வயது இளைய பெண்மணி. அறிக்கையைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அந்தப் பார்க்கை இப்போ யார் பெருக்கறாங்க?”

“யாரோ பெருக்கறாங்கம்மா” என்றேன்.

நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ராஜவேல் வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டில் கேட்டேன். படித்த பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஒன்றும் விடவில்லை. பதினொரு வருஷமாக நான் நடக்கும் பூங்காவைப் பெருக்குவது யார் என்று மட்டும் எனக்குத் தெரியாது. ‘யாரோ’ என்ற சொல்லை அறிக்கையில் எழுதினால் அடித்துத் திருத்தியிருப்பேன். வாயால் சொன்னதால் தப்பித்தது.

உத்தரவு வந்தது. என் அறிக்கையின் வாசகத்தையே நடுவர் எடுத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமை.

நான்காம் நாள் காலை பார்க்கப் போனேன். ராஜவேலைச் சுற்றி நடைப்பயிற்சிக் கூட்டம். நம் டவுன்ஷிப்பில் எல்லா மாவட்டத்துக்காரர்களும் ஓய்வு பெற்று ஒரே பூங்காவில் நடப்பதால், ஒருவருக்கு அறிவுரை சொல்ல எல்லா மாவட்டத் தமிழும் கிடைக்கும்.

“ஏலே, துடைப்பத்த அப்படிப் புடிக்கப்பிடாதுடே” என்றார் திருநெல்வேலிக்காரர் ஒருவர். இன்னொருவர் என்னைப் பார்த்து, “தண்டனைன்னா இதுதான் சார் தண்டனை. ஜெயில்ல போட்டா சோறுல்ல போடணும்?” என்று பாராட்டினார். நான் அடக்கமாக நின்றேன்.

ராஜவேலைத் தனியாகக் கூப்பிட்டு, “கஷ்டமா இருக்கா?” என்று கேட்டேன். இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

“இல்ல சார். மைன்ஸ்ல சூப்பர்வைசரு வாயத் தொறந்தா ஏச்சு. இங்க எல்லாரும் நிக்க வெச்சி பேசறாங்க. ஒருத்தரு டீ வாங்கியாந்து குடுத்தாரு. இத முடிச்சிட்டு மைன்ஸ் ஷிப்டுக்கு ஓடறதுதான் சார் தண்டனையா இருக்கு.”

பயத்துக்கு இருபத்துநான்கு போட்டிருந்தேன். அதைக் குறைக்க வேண்டியிருக்குமோ என்று யோசித்தபடி வெளியே வந்தபோது, வாசலில் ஒரு அம்மா நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் எதுவும் இல்லை. எங்கேயோ பார்த்த முகம்.

“சார், நான் என்னா சார் தப்பு பண்ணேன்?”

இந்தக் கேள்வியோடு தினமும் நான்கு பேர் நம்மிடம் வருவார்கள் அல்லவா? நானும் வழக்கம்போலக் கேட்டேன். “எந்த ஸ்டேஷன்மா? கேஸ் நம்பர் இருக்கா?”

“கேஸெல்லாம் இல்லீங்க. பார்க்கு.”

“பார்க்கா?”

“என் பேரு அஞ்சலை. பன்னெண்டு வருஷமா இந்தப் பார்க்க நான்தான் பெருக்கிகினு இருக்கேன். நீங்ககூட ஒருவாட்டி வெத்தலயத் துப்பிட்டு ‘பாத்துக்கம்மா’ன்னு சொல்லிட்டுப் போனீங்க.”

அவர் குரலை உயர்த்தவே இல்லை.

“கொழா திருடுனதுக்கு அந்தத் தம்பியப் பெருக்கச் சொன்னாங்களாம். தண்டனையாம். அப்ப நான் எதத் திருடிட்டு பன்னெண்டு வருஷமாப் பெருக்கறேன்? வாக்கிங் வர்றவங்க அவனப் பாத்து, ‘ஒழுங்கா இருந்தா இந்த நெலம வருமா’ன்னு புத்தி சொல்றாங்க சார். நானு பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். ஒழுங்காதான் இருந்தேன்.”

பழி, பயம், திருத்தம், ஈடு என்று நான்கு கட்டம் போட்டவனுக்கு ஐந்தாவது ஒன்று தோன்றவே இல்லை. ஒருவருக்குத் தண்டனை என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது இன்னொருவருக்குப் பிழைப்பாக இருக்கலாம். அவரும் காது கேட்கிற தூரத்தில்தான் இருப்பார்.

ஆனால் அவர் வந்தது அந்த மனவருத்தத்தைச் சொல்ல அல்ல. “மேஸ்திரி மொத நாளே என்னை நிறுத்திட்டாரு. ‘ஓசிக்கு ஆளு வந்தாச்சி, ஒரு மாசம் கழிச்சி வா’ன்னாரு. தெனமும் வந்து ஓரமா நின்னுட்டுப் போறேன். நாளன்னிக்கு புதுக் காண்ட்ராக்டுக்கு லிஸ்ட் போவுது சார். வேலையில இருக்கறவங்க பேருதான் அதுல ஏறும். ஏறலைன்னா ஒரு மாசம் கழிச்சி நான் எங்க வர்றது?”

அன்று செவ்வாய். பட்டியல் போவது வியாழன். நடுவர் பயிற்சிக்குப் போயிருந்தார், திங்கள்கிழமைதான் வருவார். உத்தரவைத் திருத்த வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

முதலில் மேஸ்திரியிடம் போனேன். பூங்காப் பராமரிப்பை எடுத்திருந்த ஒப்பந்தக்காரரின் ஆள் அவர். என்னைப் பார்த்ததும் நாற்காலி போட்டார்.

“கோர்ட்டே ஆள் அனுப்புது, நான் ரெண்டு ஆள் வெச்சா வேஸ்ட்டுன்னு முதலாளி கேப்பாருல்ல சார்?” என்றவர், கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து, “அடுத்த மாசத்துக்கு இன்னும் ஒரு ரெண்டு பேரு தேறுமா? நல்ல ஆளாப் பாத்துக் குடுங்க சார். இவன் மூல முடுக்கெல்லாம் விட்டுர்றான்” என்றார்.

சமூகம் திருந்துவதற்காக நான் எழுதிய அறிக்கையை அவர் ஆள் சப்ளை என்று படித்திருந்தார். சமூகம் என்றால் அவருக்கு அவர் முதலாளி.

அடுத்து ராஜவேல். பெருக்கி முடித்துத் துடைப்பத்தை மரத்தில் சாய்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது.

“அந்தக்கா வேலையா சார் இது? லீவுல போயிருக்காங்கன்னு மேஸ்திரி சொன்னாரு.” சாய்த்த துடைப்பத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “கொழா எடுத்தப்போ யாருக்கும் நஷ்டமில்ல சார். இப்பத்தான் சார் திருடனாயிட்டேன். அதுவும் நீங்க ஆர்டர் போட்டு.”

அவருக்குக் கோபம் வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வரவில்லை.

“நாளையிலேருந்து நான் வரல. அக்கா வரட்டும். நீங்க ஒண்ணும் கேக்காத மாதிரி இருந்துருங்க” என்றார்.

நான் ‘சரி’ என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மையாகவே எடுத்தேன். எவ்வளவு அழகான முடிவு! திருடனுக்கு மனசாட்சி, ஏழைக்கு வேலை, அதிகாரிக்கு இரக்கம். ஆனால் உத்தரவை மீறியவர் என்று திங்கள்கிழமை நிற்கப்போவது நான் இல்லை. அவர். அப்புறம் சிறை, அப்புறம் கேட் பாஸ். அடுத்தவர் கழுத்தை வைத்து நாம் காட்டுகிற இரக்கத்துக்குச் செலவே கிடையாது. அதனால்தான் அது அவ்வளவு சீக்கிரம் வருகிறது. உங்களுக்கும் வரும். வரும்போது யார் கழுத்து என்று பாருங்கள்.

“நீங்க வரணும். ஆறு மணிக்கு” என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் உத்தரவு நகலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஓட்டை தேடினேன் என்று சொல்வதுதான் நேர்மை. மாலை காபி ஆறும்வரை படித்தும் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சொல் கண்ணில் பட்டது. ‘பூங்காவைத் தூய்மை செய்யும் பணிக்கு உதவ வேண்டும்.’

உதவ. நான் எழுதியதுதான். ஏன் எழுதினேன்? காரணமே இல்லை. வாக்கியம் மொட்டையாக இருந்தால் எனக்குப் பிடிக்காது. ‘ஆவன’, ‘தக்கவாறு’, ‘உதவ’ என்று எதையாவது ஒட்டிவைப்பேன். ஆபீஸில் வாலில்லாமல் கடிதம் போனதாகச் சரித்திரமில்லை.

புதன்கிழமை காலை ஐந்தேமுக்காலுக்கு மேஸ்திரி முன்னால் நின்றேன்.

“ஆர்டர்ல உதவணும்னு போட்டிருக்கு. யாருக்கு உதவறது?”

“பார்க்குக்கு சார்.”

“பார்க் பெருக்குமா?”

“பெருக்காது.”

“அப்போ பெருக்கறவங்களுக்குத்தானே உதவணும்? பெருக்கறவங்களே இல்லைன்னா இவர் யாருக்கு உதவினார்? இவர் தண்டனையே அனுபவிக்கலைன்னு ஆகுது. ஏன் அனுபவிக்கலைன்னு கோர்ட்டுக்கு நான் எழுதணும். பெருக்கறவங்களை நிறுத்தினது யாருன்னும் எழுதணும்.” பேனாவைத் திறந்தேன். “உங்க இனிஷியல் என்ன?”

அவர் இனிஷியலைச் சொல்லவில்லை. அஞ்சலைக்கு ஆளனுப்பினார்.

அந்த வாதம் சட்டப்படி நிற்குமா என்று கேட்காதீர்கள். மேஸ்திரியிடம் நின்றது. போகிற போக்கில் இன்னொன்றும் செய்தேன். ராஜவேலின் வருகைத் தாளில் ‘கண்காணிப்பவர் கையொப்பம்’ என்ற இடத்தில் அதுவரை மேஸ்திரி போட்டுவந்தார். இனிமேல் அஞ்சலை போட வேண்டும் என்றேன். யாருக்கு உதவுகிறாரோ அவர்தானே உதவி வந்ததா என்று சொல்ல முடியும்?

அந்த அம்மா தாளை வாங்கி, முந்தானையால் கையைத் துடைத்து, நிதானமாக முழுப் பெயரையும் எழுதினார். பிறகு ராஜவேலைப் பார்த்தார்.

“ஏம்பா, அந்தப் பெஞ்சுக்கு அடியில என்னா, உன் மாமியார் வூட்டு எலையா? அத யாரு பெருக்குவா?”

“பெருக்குறேன்க்கா.”

“குனிஞ்சி பெருக்கு. தொடப்பத்தத் தடவிக் குடுக்காத.”

அன்றிலிருந்துதான் ராஜவேலுக்குத் தண்டனை ஆரம்பமானது. டீ வாங்கிக்கொடுத்த மனிதரை அஞ்சலை, “வேல நேரத்துல பேச்சுக் குடுக்காதீங்க சார்” என்று விரட்டிவிட்டார். ஒருநாள் ஆறேகாலுக்கு வந்ததற்கு எட்டேகால்வரை நிறுத்திவைத்தார். புத்தி சொல்ல வந்தவர்களும் குறைந்துபோனார்கள். ‘ஒழுங்கா இருந்தா இந்த நெலம வருமா’ என்று சொல்ல, அந்த அம்மா அங்கே மேற்பார்வையில் நிற்கும்போது யாருக்கும் வாய் வரவில்லை. வியாழக்கிழமை போன பட்டியலில் அஞ்சலை பெயர் இருந்தது. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

திங்கள்கிழமை எல்லாவற்றையும் எழுதி நடுவரிடம் கொடுத்தேன். என் பிழை, நான் அதிகாரமில்லாமல் செய்த ஏற்பாடு, எதையும் மறைக்கவில்லை. படித்தார்.

“இந்த ‘உதவ’ங்கறது நீங்க யோசிச்சுப் போட்டதா?”

“இல்லம்மா. சும்மா போட்டது.”

“இனிமே சும்மா போடாதீங்க.” அஞ்சலையின் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்று உத்தரவிலேயே சேர்த்து எழுதினார். பேனாவை மூடிக்கொண்டே, “யாரோ பெருக்கறாங்கன்னீங்களே?” என்றார்.

“பேரு அஞ்சலைம்மா.”

“தெரியுது. இப்போ தெரியுது” என்றார். எனக்குக் கிடைத்த தண்டனை அவ்வளவுதான். போதுமானதாக இருந்தது.

ஒன்றை மட்டும் சரிசெய்ய முடியவில்லை. அஞ்சலைக்கு வேலை இல்லாமல் போன அந்த நான்கு நாள் கூலி போனது போனதுதான். ராஜவேல் குழாய் திருடிய வழக்கில் முதல் நான்கு நாள் தண்டனையை அனுபவித்தவர் அவர். மேல்முறையீட்டுக்கு வழியில்லை. தண்டனை எதற்காக என்று உங்களுக்கு வகுப்பில் நிறையச் சொல்லியிருப்பார்கள், எல்லாமே படிக்க வேண்டியதுதான். ஆனால் அறிக்கையில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: இது கடைசியில் யார் மேல் போய் விழும்? குற்றவாளியின் வீட்டுக்கு மட்டும் போகாதீர்கள். துடைப்பம் இருக்கிற இடத்துக்கும் போங்கள்.

முப்பது நாள் முடிந்ததும் நடுவர் அஞ்சலையை வரச்சொல்லிக் கேட்டார். “அவர் திருந்திட்டாரா? உங்களுக்கு என்ன தோணுது?”

“திருந்தறதெல்லாம் எனக்குத் தெரியாதுங்கம்மா. பெருக்க மட்டும் இன்னும் வரல” என்றார் அவர். ராஜவேலின் கேட் பாஸ் தப்பியது.

போன வாரம் பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அஞ்சலை பெருக்கிக்கொண்டு வந்தார். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்காக இந்தக் கதையை எழுதப்போகிறேன், ஒரே ஒரு சொல்லால் அவர் பெயர் பட்டியலில் நின்றதைச் சொல்லப்போகிறேன் என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் கையை நிறுத்தவில்லை. “எழுதுங்க சார். அந்தப் பேரு போவப் பாத்ததும் உங்களாலதான்னு சேத்து எழுதுங்க” என்றார். “இப்பக் காலத் தூக்குங்க.”